பிந்தி வாங்குகிறவர்களின் கடிகாரம்

1995 ஏப்ரலில் ஜப்பானின் சேகா நிறுவனம் இந்தியச் சந்தைக்குள் வந்தது. மது வியாபாரத்தால் ஊருக்கெல்லாம் தெரிந்த ஷா வாலஸ் குழுமத்தோடு விநியோக ஒப்பந்தம். வீடியோ கேம் கன்சோலை நேராக இறக்குமதி செய்தால் 80 சதவீதச் சுங்க வரி கட்ட வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இந்த உள்ளூர்க் கூட்டாளி. விற்க வந்த பொருள் மெகா டிரைவ். விலை 18,000 ரூபாய்.

அடுத்த மாதம் 11-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதல் இ3 கண்காட்சி நடந்தது. சேகாவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையேறி, செப்டம்பரில் வரும் என்று சொல்லப்பட்டிருந்த சாட்டர்ன் கன்சோல் இன்றைக்கே கடைகளில் கிடைக்கிறது என்று அறிவித்தார். விலை 399 டாலர். அன்று ஒரு டாலர் 31 ரூபாய் சில்லறை. கணக்குப் போட்டால் சுமார் 12,500 ரூபாய்.

1988 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்து, ஏழாவது வயதில் நடந்துகொண்டிருந்த பழைய பெட்டிக்கு இந்தியாவில் 18,000. அதை ஓய்வுக்கு அனுப்ப வந்த புதுப் பெட்டிக்கு அமெரிக்காவில் 12,500. வரியும் கப்பல் கூலியும் கமிஷனும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இரண்டு முடிவையும் எடுத்தது ஒரே நிறுவனம், ஆறு வார இடைவெளிக்குள்.

கன்சோல் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த மே 11-ஐ மறப்பதில்லை. அவசரப்பட்டு அடுத்த தலைமுறையை இறக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இந்தியாவின் ஏப்ரலை யாரும் குறிப்பிடுவதில்லை. எனக்கு அந்த ஏப்ரல்தான் முக்கியமாகப் படுகிறது. அடுத்த கன்சோலை எப்போது வெளியிடுவது என்ற கேள்வியைப் பேசும்போது எல்லோரும் டோக்கியோவின் கடிகாரத்தையோ நியூயார்க்கின் கடிகாரத்தையோதான் பார்க்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம், எங்கள் ராதாபுரத்தில் வேறொரு கடிகாரம் ஓடுகிறது. அது சில வருடம் பிந்தி ஓடும். பழைய பெட்டியின் விலை கைக்கு எட்டும் நாளில்தான் அங்கே அந்தப் பெட்டி பிறக்கிறது. இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தில் ஓட இடம் விட்ட நிறுவனங்கள் பிழைத்தன. ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்ட நினைத்தவை அடிபட்டன. வெளியீட்டுத் தேதியைவிட, அந்தத் தேதிக்கு மறுநாள் பழைய பெட்டி என்ன ஆகிறது என்பதே பெரிய விஷயம் என்பது என் வாதம்.

முதலில் சேகாவின் கதையை முடித்துவிடலாம். அன்று சாட்டர்ன் கிடைத்தது நான்கு சங்கிலிக் கடைகளில் மட்டும். பட்டியலில் இல்லாத கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். கேபி டாய்ஸ் சேகாவின் சரக்கையே வேண்டாம் என்று ஒதுக்கியது. விளையாட்டு எழுதும் நிறுவனங்கள் செப்டம்பரை நம்பி வேலை பார்த்துக்கொண்டிருந்தன. அதனால் முதல் நாளில் பெட்டி இருந்தது, போட்டு ஆட விளையாட்டு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தது. அதே கண்காட்சியில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து "299" என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நூறு டாலர் குறைவு. முதல் பிளேஸ்டேஷன் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. சாட்டர்ன் ஒரு கோடியைத் தொடவில்லை.

இதுவரை எல்லோரும் சொல்வது. அந்த வருடம் சேகா செய்த இன்னொரு காரியம் இதைவிடக் கனமானது. ஜப்பான் தலைமையகத்தில் ஹயாவோ நகயாமா, முழுக் கவனமும் சாட்டர்ன் மேல் இருக்க வேண்டும் என்று மெகா டிரைவ் உள்ளிட்ட பழைய பெட்டிகளைக் கைவிடச் சொன்னார். ஜப்பானில் மெகா டிரைவ் பெரிதாகப் போகவில்லை; அவர் கண்ணுக்கு அது செத்த குதிரை. அமெரிக்காவிலோ, ஜெனிசிஸ் என்ற பெயரில், சேகாவின் சோறே அதுதான். 1995-இல் அங்கே விற்ற விளையாட்டுகளில் பெரும்பகுதி இன்னும் பதினாறு பிட் பெட்டிகளுக்கானவை. நின்டெண்டோ என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். நான்கு வயதான சூப்பர் நின்டெண்டோவுக்கு 1994 நவம்பரில் 'டாங்கி காங் கன்ட்ரி' என்ற விளையாட்டை வெளியிட்டு 90 லட்சத்துக்கும் மேல் விற்றது. அடுத்த பெட்டியான நின்டெண்டோ 64-ஐ 1996 வரை தள்ளிப்போட்டது. பழையதில் இன்னும் சாறு இருக்கிறது என்று தெரிந்தவர் பிழிந்தார். தெரியாதவர் தூக்கி எறிந்தார்.

ஷா வாலஸோடு கையெழுத்திட்ட மை காய்வதற்குள் மெகா டிரைவைத் தலைமையகமே கைவிட்டுவிட்டது என்பது இந்தியக் கதை. 18,000 ரூபாய் கொடுத்தவருக்கு அடுத்த வருடம் புதுக் கேசட் வரத்து சுருங்கிவிடும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நிறுவனம் எந்தக் கணக்கில் தேதி குறிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கன்சோல் வியாபாரத்தில் பெட்டியை முதல் வருடங்களில் அடக்க விலைக்கோ அதற்கும் குறைவாகவோ விற்பது வழக்கம். பிளேஸ்டேஷன் 3 வந்தபோது, அதைப் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்ட ஐசப்ளை ஆய்வு நிறுவனம், 499 டாலர் பெட்டியின் அடக்கமே 800 டாலரைத் தாண்டும் என்றது. இந்த நட்டத்தை விளையாட்டுகள் ஈடுகட்டும்; விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் எழுதிய நிறுவனம் கன்சோல்காரருக்கு உரிமத் தொகை கட்டுகிறது. வருடம் ஓட ஓடச் சிப்புகள் சிறுக்கும். இரண்டு சிப்பு ஒன்றாகும், மின்சாரம் குறையும், பெட்டி மெலியும், அடக்க விலை இறங்கும். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. 2009 ஏப்ரல் 1-ஆம் தேதி அதன் விலை 99.99. அந்தக் கடைசி வருடங்களில் தொழிற்சாலைச் செலவெல்லாம் ஏற்கெனவே கழிந்திருக்கும். விற்கும் ஒவ்வொரு பெட்டியும் ஏறக்குறைய சுத்த வரவு.

இதை ராதாபுரம் வட்டத்துக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. பணகுடி, காவல்கிணறு, வடக்கன்குளம் பக்கம் நிற்கும் காற்றாடிகள் இதே கணக்கில்தான் நிற்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று கொட்டும் இடங்களாகப் பார்த்து, 1990-களில், தேய்மானச் சலுகையால் வருமான வரி குறையும் என்பதற்காகவே பல நிறுவனங்கள் 225, 250 கிலோவாட் காற்றாடிகளை நட்டன. கடன் அடைந்து எத்தனையோ வருடமாயிற்று. இன்று ஒரே காற்றாடி இரண்டு மெகாவாட்டுக்கு மேல் தருகிறது. பழையதில் எட்டுப் பத்து சேர்ந்தால்தான் அந்த அளவு வரும். ஆனாலும் உரிமையாளர் இறக்க மனம் வைப்பதில்லை. கிரீஸ் செலவு போக வருவதெல்லாம் லாபம் என்றிருக்கும் இயந்திரத்தை எதற்கு இறக்க வேண்டும்? தமிழக அரசு 2024-இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுள் நீட்டிக்கவும் மாற்றியமைக்கவும் ஒரு தனிக் கொள்கையே கொண்டுவர வேண்டியிருந்தது. உரிமையாளர்களிடம் அதற்கும் ஆயிரம் ஆட்சேபம்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. என் வாதம் அதில்தான் நிற்கிறது. காற்றாடிக்கு இடம் ஒன்றுதான். நல்ல காற்று அடிக்கும் மேட்டைப் பழையது பிடித்துக்கொண்டிருக்கிறது. புதியதன் இறக்கை நீளம், அதற்கு இடைவெளி அதிகம் வேண்டும். அதனால் பழையது போனால்தான் புதியது வரும். கன்சோலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் புதியதும் ராதாபுரத்தில் பழையதும் ஒரே நாளில் விற்கலாம், ஒன்று மற்றதன் காற்றை மறிக்காது. சேகா கன்சோலைக் காற்றாடி மாதிரி நினைத்தது.

தாமதம் மட்டும் நல்லதா என்றால் அதுவும் இல்லை. நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலையில் வந்தது. அது ஓஹோவென்று ஓடியதால் அடுத்ததை 1990 நவம்பர் வரை நிறுவனம் வெளியிடவில்லை. அந்த இடைவெளியில்தான் சேகாவின் மெகா டிரைவ் அமெரிக்காவில் காலூன்றியது. பின்னாளில் வீ கன்சோலிலும் அதே சோம்பல். 2008-09 நிதியாண்டில் இரண்டரைக் கோடிக்கு மேல் விற்ற வீ, மூன்றே வருடத்தில் ஒரு கோடிக்கும் கீழே சரிந்தது. அடுத்ததான வீ யூ 2012 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் விளையாட்டு எழுதுகிறவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். பெயரைப் பார்த்த பெற்றோர் பலர் அதைப் பழைய வீ பெட்டிக்கு வாங்கும் உபரிச் சாமான் என்றே நினைத்தார்கள். மொத்தம் 1.36 கோடி. கன்சோல் வாங்குகிறவர் கண்ணுக்கு அது முதுமையாகத் தெரியும் முன்பே விளையாட்டு எழுதுகிறவருக்குத் தெரிந்துவிடும். அவர்கள் கிளம்புவதுதான் முதல் மணி.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். ஃபேமிகாமின் உண்மையான ஆயுள் தெற்குச் சீமையில்தான் தெரிந்தது என்று நான் சொல்வேன். நின்டெண்டோவின் பெட்டி சாமுராய் என்ற பெயரில் இந்தியாவில் கொஞ்ச காலம் விற்கப்பட்டது உண்மை. ஆனால் ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளைப் பிள்ளைகள் தொட்டது அதையல்ல. மீடியா முதலிய பெயர்களில் வந்த நகல் பெட்டிகளைத்தான். சைனாவிலும் தைவானிலும் ஃபேமிகாமின் முழுச் சுற்றையும் ஒற்றைச் சிப்பில் அடக்கி, பலகை மேல் கறுப்புக் குழம்பாக ஒரு பொட்டு வைத்து மூடிவிட்டார்கள். அடக்கம் சில்லறைக் காசு. மாரியோ, கான்ட்ரா, டேங்க்; '9999 இன் 1' என்று அட்டையில் போட்டு, உள்ளே இருபது முப்பது ஆட்டங்களையே திருப்பித் திருப்பி அடுக்கிய மஞ்சள் கேசட். படம் வராவிட்டால் கேசட்டை உருவி அடியில் ஊதிச் செருக வேண்டும். ஊதுவதால் ஒன்றும் ஆவதில்லை, திரும்பச் செருகுவதால்தான் வேலை செய்கிறது என்று யார் சொன்னாலும் எங்கள் பக்கத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

ஃபேமிகாம் தயாரிப்பை நின்டெண்டோ நிறுத்தியது 2003 செப்டம்பரில். இருபது வருடம் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகும் நகல்கள் கோயில் கொடைக் கடைகளிலும் பாத்திரக் கடைகளின் விளையாட்டுச் சாமான் அடுக்கிலும் தொடர்ந்தன. அதாவது இரண்டு, மூன்று தலைமுறைகள் தாண்டியும் ஃபேமிகாமுக்கு இங்கே கிராக்கி இருந்தது. அந்தக் கிராக்கிக்குப் பெட்டி விற்றவர்கள் நகல்காரர்கள். நின்டெண்டோவுக்கு அதில் ஒரு பைசா இல்லை. உரிய நிறுவனம் விட்டுவிட்டுப் போன நிலத்தில் வேறொருவர் விதைத்தார்.

பிளேஸ்டேஷன் 2 இந்த வட்டாரத்துக்கு வந்த வழி இரண்டு. ஒன்று, வளைகுடாவில் வேலைக்குப் போனவர்களின் பெட்டி; விடுமுறைக்கு வரும் மாமாவோ சித்தப்பாவோ துபாயிலிருந்து தூக்கிவருவது. இன்னொன்று, மணிக்கணக்குக்குக் காசு வாங்கி ஆட விடும் கடைகள். திருநெல்வேலி, நாகர்கோவிலில் தொடங்கி வள்ளியூர் போன்ற ஊர்களுக்கும் பரவியவை. பெட்டிக்குள் சிப் போட்டிருப்பார்கள், அதனால் நகல் எழுதின டிவிடி எதுவும் ஓடும். கிரிக்கெட், டபிள்யூடபிள்யூஇ, ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்.

இதற்கு நடுவே பிளேஸ்டேஷன் 3 வருகிறது. ஜப்பானில் 2006 நவம்பர் 11. இந்தியாவில் 2007 ஏப்ரல், விலை 39,990 ரூபாய். சோனி அதை விற்ற விதமே உயர்தெளிவுப் படம் என்பதை வைத்துத்தான். அதே 2006 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வேறொரு பெரிய திரைத் திட்டம் தொடங்கியது. கலைஞர் ஆட்சியின் இலவச வண்ணத் தொலைக்காட்சி. பதினான்கு அங்குலம், முதுகு புடைத்த படக்குழாய்ப் பெட்டி. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. அடுத்த தலைமுறைக் கன்சோலுக்கு வேண்டிய திரை என்ன என்று டோக்கியோ முடிவு செய்த அதே பருவத்தில், தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கப்போகும் திரை என்ன என்று சென்னைக் கோட்டை முடிவு செய்தது. இரண்டும் எதிரெதிர்த் திசை.

அந்த டிவியில் பிளேஸ்டேஷன் 3-ஐச் செருக முடியாது என்றில்லை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரில் இணைக்கலாம். ஆனால் திரையில் வரும் எழுத்தைப் படிக்க முடியாது, நாற்பதாயிரம் கொடுத்த வித்தியாசம் கண்ணுக்கும் தெரியாது. பிளேஸ்டேஷன் 2-க்கும் நகல் பெட்டிகளுக்கும் அதுவே அளவெடுத்துத் தைத்த திரை. முன்பு வீட்டில் டிவி இல்லாததால் கன்சோலைப் பற்றி யோசிக்காத குடும்பம், இப்போது டிவி வந்ததால் யோசிக்கத் தொடங்கியது. பழைய பெட்டிக்கு அரசாங்கமே சந்தை திறந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. கோட்டையில் யாருக்கும் அந்த எண்ணம் இருந்திருக்காது என்பது வேறு விஷயம். கன்சோலின் தலைமுறை மாற்றத்தைப் பேசுகிற எந்த அமெரிக்கக் கட்டுரையிலும் இலவச டிவி வராது. ஆனால் அடுத்த பெட்டி எப்போது வர வேண்டும் என்பதைப் பெட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. அது சாய்ந்து நிற்கும் பொருள்கள், திரை, மின்சாரம், இணையம், எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

மின்சாரம் என்றதும் 2012 நினைவுக்கு வராமல் இருக்காது. சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் வெட்டு. ராதாபுரம் வட்டத்தில் அது இன்னும் எரிச்சல். கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாடி சுற்றுகிறது, கூடங்குளத்தில் அணு உலை கட்டி நிற்கிறது, வீட்டில் விசிறி சுற்றவில்லை. உலையின் முதல் அலகு மின்கட்டமைப்போடு இணைந்தது 2013 அக்டோபரில்தான். விளையாட்டுக் கடைகளில் "ஏலே, கரண்டு போச்சுல" என்ற சத்தம் எழும்போது, மெமரி கார்டில் சேமிக்காதவனின் ஒரு மணி நேரம் போய்விடும். காசு போனது போனதுதான். ஆரம்பகால பிளேஸ்டேஷன் 3 ஓடும்போது கிட்டத்தட்ட 200 வாட் இழுக்கும். மெலிந்த பிளேஸ்டேஷன் 2 அதில் சிறு பங்குதான். இன்வெர்ட்டர் வைத்துக் கடை நடத்துகிறவர் எதை வாங்குவார் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம்.

சோனி இதை ஓரளவு புரிந்துகொண்டது. பிளேஸ்டேஷன் 2 உலக அளவில் பத்துக் கோடியைத் தொட்டது 2005 நவம்பரில். மொத்தக் கணக்கு பதினைந்தரைக் கோடியைத் தாண்டியது. ஆக ஐந்தரைக் கோடிக்கும் மேல் பெட்டிகள், அதன் வாரிசு வருவதற்கு முந்தின ஒரு வருடத்திலும் வந்த பிறகுமாக விற்றவை. இந்தியாவுக்கென்றே அந்தப் பழைய பெட்டிக்குப் புது விளையாட்டுகளைச் சோனி எழுத வைத்தது. ஹைதராபாத் அரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கிய 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009-இல் வந்தது, அதே வருடம் கேம்சாஸ்திரா நிறுவனம் கபடி, கில்லி தண்டா வகையறாக்களை வைத்து 'தேசி அட்டா' செய்தது. பிறகு மும்பை டிரைன் கேம்ஸின் 'ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்', ஷாருக் கான் படங்களை வைத்துச் செய்த ரா.ஒன், டான் 2 விளையாட்டுகள். விளையாட்டாக இவற்றில் பல சுமார்தான். ஹனுமானை ஆடிப் பார்த்தவர்கள் நல்லதாகச் சொன்னதில்லை. தமிழ்நாட்டுக்கென்று ஒன்றும் கிடையாது என்பதும் எனக்கு ஒரு குறை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், டான் 2 விளையாட்டு வெளிவந்த 2013-இல் சோனி பிளேஸ்டேஷன் 4-ஐ அறிவித்துவிட்டது. பிளேஸ்டேஷன் 2 தயாரிப்பு நின்றதாக அதே வருட ஜனவரியில்தான் செய்தி வந்தது. இரண்டு தலைமுறை பிந்திய பெட்டிக்கு ஒரு நாட்டுக்கெனத் தனியாக விளையாட்டு வந்துகொண்டிருந்தது. சேகா 1995-இல் செய்ததற்கு நேர் எதிர்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. சிப் போட்ட பெட்டியில் எழுதின டிவிடியை ஓட்டும் ஊரில் சோனிக்கு உரிமத் தொகை எங்கிருந்து வரும்? அந்தச் சந்தைக்காகப் பழைய பெட்டியை உயிரோடு வைப்பதில் என்ன லாபம்? கன்சோல் வியாபாரம் விளையாட்டுத் தட்டில்தான் லாபம் காண்கிறது என்று நானே மேலே சொன்னேன். பதில் இதுதான்: தலைமுறையின் முதல் பாதிக்குத்தான் அந்தச் சூத்திரம் பொருந்தும். கடைசி வருடங்களில் பெட்டியே லாபம் தருகிறது. நட்டத்துக்கு விற்கும் பெட்டியைத் தட்டே வாங்காத ஊரில் விற்பது முட்டாள்தனம். லாபத்துக்கு விற்கும் பெட்டியை எந்த ஊரிலும் விற்கலாம். எனவே பிந்தி வாங்குகிற ஊருக்கு, பிந்தின வயதுப் பெட்டிதான் நிறுவனத்துக்கும் ஏற்றது. இரண்டு கடிகாரமும் இங்கே தானாகவே ஒத்துப்போகின்றன.

பிரேசில் இதற்குச் சாட்சி. அங்கேயும் இறக்குமதி வரி கடுமை. டெக்டாய் என்ற உள்ளூர் நிறுவனம் சேகாவின் மாஸ்டர் சிஸ்டத்தை 1989-இல் மனாவுஸ் சுதந்திர வணிக மண்டலத்தில் தயாரிக்கத் தொடங்கியது. விளையாட்டுகளைப் போர்த்துகீசிய மொழிக்கு மாற்றியது. சில விளையாட்டுகளில் நாயகனை எடுத்துவிட்டு, பிரேசில் குழந்தைகளின் சித்திரக் கதைப் பெண் மோனிகாவை உள்ளே வைத்தது. சேகா கன்சோல் தொழிலையே 2001-இல் விட்டொழித்த பிறகும் டெக்டாய் அந்தப் பெட்டியை விதவிதமாக விற்றுக்கொண்டேயிருந்தது. எண்பது லட்சம் அளவுக்குப் போனதாகக் கணக்கு. ஷா வாலஸும் டெக்டாயும் ஒரே சுவரில்தான் முட்டினார்கள், ஒரே நிறுவனத்தின் பெட்டியோடு. ஆனால் டெக்டாய் தொடங்கியது ஆறு வருடம் முன்னால். நம்மூரில் 1995-இல் சேகா வந்தபோது நகல் பெட்டிகள் ஏற்கெனவே வீடுவீடாக உட்கார்ந்துவிட்டன. 18,000 ரூபாய்ப் பெட்டி எதோடு மோதியது என்று இப்போது தெரிகிறதா? அன்று ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் பல மாதச் சம்பளம் அது.

இதுவரை சொன்ன ஏற்பாடு முழுக்க ஒரே தூணில் நிற்கிறது: வருடம் ஆக ஆக விலை இறங்க வேண்டும். அந்தத் தூண் இப்போது ஆடிவிட்டது. பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 2020 நவம்பரில் 499 டாலருக்கு வந்தது. ஐந்தாவது வருடத்தில், பழைய வழக்கப்படி 299 பக்கம் வந்திருக்க வேண்டிய நேரத்தில், 2025 ஆகஸ்டில், 549 ஆனது. எக்ஸ்பாக்ஸ் அதே வருடத்தில் இருமுறை ஏறியது. சுங்கமும் பணவீக்கமும் ஒரு பக்கம். அடிப்படைக் காரணம் வேறு. முன்பு சிப்பைச் சிறுக்கினால் அடக்க விலை இறங்கும். இன்று அடுத்த அளவுக்குச் சிறுக்குவதற்கே செலவு கூடுகிறது, அதனால் ஆதாயம் வருவதில்லை. பிளேஸ்டேஷன் 2-இன் பத்தாவது வயது எப்படி இருந்ததோ அப்படி இனி ஒரு பெட்டிக்கும் அமையுமா என்பது சந்தேகம். இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த பெட்டி, 2024-இல் மெலிந்த வடிவில் வந்தபோது 54,990. ராதாபுரத்துக் கடிகாரத்தில் முள் நகரவே இல்லை.

அந்தக் காலியிடம் காலியாக இருக்கவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது. 2018-இல் பப்ஜி மொபைல். மணிக்குக் காசு கொடுத்துக் கடையில் உட்கார்ந்த பையன்கள் கோயில் திண்டில் நால்வராக உட்கார்ந்து ஆளுக்கொரு போனில் ஆடத் தொடங்கினார்கள். 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. அடுத்த வருடமே வேறு பெயரில் திரும்பி வந்தது. பிளேஸ்டேஷன் 2-க்கு எங்கள் பக்கத்தில் வாரிசு யார் என்று கேட்டால் பிளேஸ்டேஷன் 3 என்றோ 4 என்றோ சொல்ல முடியாது. வாரிசாக உட்கார்ந்தது ஆண்ட்ராய்டு போன். நின்டெண்டோ விட்ட நிலத்தில் நகல்காரர் விதைத்த கதை, இரண்டாம் முறை.

நின்டெண்டோவையே இன்று பார்க்கலாம். ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது, 15 கோடிக்கு மேல் விற்றது. அடுத்ததான ஸ்விட்ச் 2-ஐ எட்டு வருடம் பொறுத்து 2025 ஜூன் 5-ஆம் தேதி வெளியிட்டு, நான்கே நாளில் 35 லட்சம் விற்றார்கள். பழைய ஸ்விட்ச் விளையாட்டுகளில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும்; அதனால் எழுதுகிறவர் பழையதைக் கைவிட வேண்டியதில்லை, வாங்கினவர் அலமாரியும் வீணாகவில்லை. தேதிக் கணக்கில் இது ஏறக்குறைய குறையே இல்லாத வேலை. வீ யூவில் சுட்டுக்கொண்ட விரல் சரியாக ஆறியிருக்கிறது. ஆனால் இந்தியாவில் ஸ்விட்சும் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதில்லை, ஸ்விட்ச் 2-உம் வரவில்லை. சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ தனியாக இறக்குமதி செய்கிறவர் சொல்லும் விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எட்டு வருடப் பெட்டி, அச்சும் வார்ப்பும் எப்போதோ காசு திருப்பித் தந்த பெட்டி, கையில் பிடித்தே ஆடலாம், டிவி வேண்டாம், கரண்ட் போனாலும் சில மணி நேரம் ஓடும். ராதாபுரத்துக்கென்றே அளவெடுத்த பெட்டி இருந்தால் அது அதுதான். அதை இங்கே விற்க ஒரு கடை திறக்கவில்லை.

2025 அக்டோபரில் சோனியின் மார்க் செர்னி, ஏஎம்டி நிறுவனத்தாரோடு ஒரு காணொளியில் உட்கார்ந்து, சில வருடங்களில் வரவிருக்கும் கன்சோலுக்கான சிப் நுட்பங்களைப் பேசினார். உடனே 2027-ஆ 2028-ஆ என்று உலகம் முழுக்க வாதம் தொடங்கிவிட்டது. பிளேஸ்டேஷன் 6 எந்த நாளில் வந்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நாளில் பிளேஸ்டேஷன் 5 எத்தனை ரூபாய்க்கு விற்கும் என்பதை யாராவது கேட்க வேண்டும். இருபதாயிரத்துக்குக் கீழே என்றால் வள்ளியூரில் மறுபடி ஒரு விளையாட்டுக் கடை திறக்கலாம். ஐம்பத்தைந்தாயிரத்திலேயே நிற்கும் என்றால், சோனி தன் பழைய பெட்டியையும் ஷா வாலஸ் விலைக்குத்தான் விற்கிறது.